மாதக் கணக்கு முடிகிறது, என் கணக்கு மட்டும் ஏன் முடிவதில்லை?

வாசகி ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். அவருக்கு வயது 37. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 9 ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். கணவரும் பள்ளிக்குச் செல்லும் மகளும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளன்று ஒரு புதிய நோட்டுப் புத்தகத்தில் அந்த ஆண்டுக்கான இலக்குகளை எழுதுவது அவர் வழக்கம். இந்த ஆண்டு எழுதியவை ஆறு: பாதியில் நிற்கும் முதுநிலைப் பட்டப் படிப்பை முடிப்பது (இரண்டு தாள்களும் ஆய்வேடும் பாக்கி), மூன்று மாதங்களில் 15 கிலோ எடை குறைப்பது, தினமும் காலை 4:30 மணிக்கு எழுவது, புதிய மொழி ஒன்றைக் கற்பது, மாதம் இரண்டு புத்தகங்கள் படிப்பது, கைப்பேசி பார்க்கும் நேரத்தைப் பாதியாகக் குறைப்பது.

ஒன்பதாம் பக்கத்தோடு நோட்டு நின்றுவிட்டது. சென்ற ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் கிட்டத்தட்ட இதே கதைதான். "இந்த வருஷமும் நோட்டா?" என்று கணவர் விளையாட்டாகக் கேட்டது இன்னும் மனதில் தைத்துக்கொண்டிருக்கிறது என்கிறார். நினைத்ததை முடிக்கும் அக்காவோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறார். அவருடைய கேள்விகள் இவை: தொடங்கும்போது இருக்கும் ஊக்கத்தைக் கடைசிவரை தக்கவைப்பது எப்படி? வேலையை விட்டுவிட்டு ஓராண்டு முழுவதும் படிப்பில் இறங்கலாமா? கட்டணம் கட்டித் தன்னம்பிக்கைப் பயிற்சி முகாமில் சேரலாமா? நான் வெறும் சோம்பேறியா, அல்லது எனக்கு மனரீதியாக ஏதேனும் கோளாறா? கடைசியாக, அடுத்த ஜனவரியில் புது நோட்டு வாங்குவதா வேண்டாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது, மூன்றாம் பக்கத்தின் அடியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வரியில் நின்றுவிட்டேன். "இத்தனைக்கும் அலுவலகத்தில் 9 வருஷமாக ஒரு மாதக் கணக்கைக்கூட நான் தாமதமாக முடித்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மீதான குற்றப்பத்திரிகையில் இன்னொரு சாட்சியமாகத்தான் இதைச் சேர்த்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது: அங்கே முடிகிற எனக்கு இங்கே ஏன் முடியவில்லை என்று. எனக்கோ உங்கள் ஐந்து பக்கங்களிலும் மிகப் பயனுள்ள வரி இதுவாகத்தான் படுகிறது.

ஒன்பது ஆண்டு என்றால் 108 மாதங்கள். அந்த 108 முறையும் ஊக்கம் பொங்கி வழிந்துதான் கணக்கை முடித்தீர்களா? காய்ச்சலோடு முடித்த மாதங்கள் இருந்திருக்கும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து முடித்த மாதங்களும், வேலையே வெறுத்துப்போன நிலையில் முடித்த மாதங்களும் இருந்திருக்கும். ஆனாலும் முடிந்தது. காரணம், அந்த வேலை உங்கள் மனநிலையை நம்பி நிற்கவில்லை. இன்ன தேதிக்குள் முடிய வேண்டும் என்பது தெரியும். முதலில் ரசீதுகளையும் வவுச்சர்களையும் பிரிக்க வேண்டும், பிறகு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல், பிறகு நிலுவைகள் என்று வரிசை தெரியும். உட்கார்ந்ததும் கை எங்கே போக வேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை. முடித்ததை வாங்கிக்கொள்ள எதிர் மேசையில் ஒருவர் காத்திருக்கிறார். இத்தனை ஏற்பாடுகளும் சேர்ந்து செய்கிற வேலையை, உங்கள் ஆய்வேட்டின் விஷயத்தில் ஊக்கம் என்ற ஒற்றை ஆளின் தலையில் கட்டிவிட்டீர்கள். அந்த ஆள் மூன்று வாரத்தில் ஓடிப்போனதில் வியப்பில்லை.

ஆகவே சோம்பேறி என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுவோம். அது உங்கள் நிலையை விளக்கவில்லை, வசை மட்டுமே பாடுகிறது.

ஊக்கம் முன்னால் நடப்பதில்லை

ஊக்கம் முதலில் வர வேண்டும், செயல் அதன் பின்னால் வரும் என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுவதும் ஓடுகிறது. பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தார்கள். 1970களில் பீட்டர் லூவின்சன் போன்ற உளவியலாளர்கள் தொடங்கிவைத்த அந்த முறையில், மனம் சரியாகும்வரை காத்திருக்கச் சொல்வதில்லை. மிகச் சிறிய, நேரம் குறித்த செயல்களை முதலில் செய்ய வைப்பார்கள். செயல் தரும் சிறு நிறைவு மனதைக் கொஞ்சம் உயர்த்தும், உயர்ந்த மனம் அடுத்த செயலுக்கு இடம் கொடுக்கும். மனச்சோர்வில் கிடப்பவருக்கே இந்த வரிசை உதவுகிறது என்றால் நமக்கு உதவாமல் போகாது.

நீங்களே ஒரு சான்று கொடுத்திருக்கிறீர்கள். ஆய்வேட்டை எழுதுவதற்காக இரவு 9 மணிக்குக் கணினியைத் திறந்து வைத்து, முகப்புப் பக்கத்தின் எழுத்துருவை மூன்று முறை மாற்றிவிட்டு, பிறகு எழுந்து போய்ப் புத்தக அலமாரியை நிறம் வாரியாக அடுக்கி முடித்தபோது மணி பதினொன்றே கால் என்று எழுதியிருந்தீர்கள். படித்துச் சிரித்தேன், என் வீட்டு அலமாரியும் அப்படி அடுக்கப்பட்டதுதான் என்பதால். இரண்டேகால் மணி நேரம் நின்றபடி அலமாரி அடுக்கியவருக்குச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது? உங்களுக்கு அன்று ஆற்றல் இருந்தது. ஆய்வேட்டைப் பார்த்ததும் எழுந்த ஒரு சங்கடத்தை, "எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை, நெறியாளர் என்ன சொல்வாரோ" என்ற அந்தக் கூச்சத்தைத் தாங்க முடியாமல்தான் நகர்ந்திருக்கிறீர்கள். தள்ளிப்போடுதலை நேர நிர்வாகக் குறையாகப் பார்ப்பதைவிட, கசப்பான ஓர் உணர்விலிருந்து தப்பிக்கும் முயற்சியாகப் பார்ப்பதே பொருத்தம் என்று இதை ஆராய்ந்த பலர் சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். அதனால்தான் எத்தனை அட்டவணை போட்டாலும் அது தீர்வதில்லை. தொடங்கும் இடத்தில் இருக்கும் கூச்சத்தைக் குறைத்தால் தீர்கிறது.

ஆறில் உங்களுடையவை எத்தனை?

கடிதத்தின் மொழியை ஒருமுறை கவனியுங்கள். "படிப்பை முடித்தாக வேண்டும்", "எடையைக் குறைத்தாக வேண்டும்", "4:30க்கு எழுந்தாக வேண்டும்". இந்த "ஆக வேண்டும்" உங்கள் கடிதத்தில் பதினொரு இடங்களில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். மொழி கற்பதைப் பற்றி எழுதும்போது மட்டும் "கற்றுக்கொள்ள ஆசை" என்கிறீர்கள். இரண்டு சொற்களுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்த கோட்பாட்டின்படி, ஒரு முயற்சி நீடிப்பதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும்: இது என் விருப்பம் என்ற உணர்வு, இது என்னால் முடிகிறது என்ற உணர்வு, மற்றவர்களோடு பிணைப்பு இருக்கிறது என்ற உணர்வு. வெளியிலிருந்து ஒருவர் விரட்டினால் மட்டுமல்ல, நமக்கு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு ஒருவர் விரட்டினாலும் முதல் உணர்வு அடிபட்டுப்போகிறது.

பட்டப் படிப்பைப் பற்றி இங்கே நிதானமாகப் பேச வேண்டும். அது உங்கள் தந்தையின் விருப்பம் என்றும், அவர் மறைந்த பிறகு அதை முடிக்காமல் இருப்பது துரோகம்போல் தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியின் கனம் எனக்குப் புரிகிறது. விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. முடித்தே தீருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு கேள்வியை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு ஒரு வாரம் அதோடு இருந்து பாருங்கள். தந்தை இதைக் கேட்டே இருக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், இந்தப் படிப்பில் நான் விரும்பும் பகுதி ஏதேனும் இருக்கிறதா? இருக்கிறது என்றால் அந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டு முடிக்கலாம். தந்தையின் ஆசை அப்போது சுமையாக இராது, துணையாக இருக்கும். அப்படி எதுவுமே இல்லை என்று தெளிவாகத் தெரிந்தால், ஒரு தேதி குறித்து, கல்வி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, முறைப்படி விலகுவது தோல்வி ஆகாது. எட்டாத இலக்கைத் தெரிந்தே விட்டுவிட்டு வேறொன்றில் இறங்குபவர்கள், அதைப் பிடித்துத் தொங்குபவர்களைவிட மனநலத்தோடு இருப்பதாகக் காட்டும் ஆய்வுகள் உண்டு. மனிதரை அரிப்பது விடுவதும் அல்ல, தொடர்வதும் அல்ல. நான்கு ஆண்டுகளாக நீங்கள் செய்துகொண்டிருப்பதுபோல இரண்டுக்கும் நடுவில் தொங்குவதுதான்.

கடிதத்தின் முடிவில் இன்னொன்றையும் சொல்லியிருந்தீர்கள். மகள் தூங்கிய பிறகு சில இரவுகளில் பென்சிலால் படம் வரைவீர்கள் என்றும், நேரம் போவதே தெரியாது என்றும், "அதனால் என்ன பயன், அது இலக்கா என்ன" என்றும். அதை இலக்கு ஆக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1971இல் டெசி வெளியிட்ட ஒரு சோதனையில், மாணவர்கள் ஆர்வத்தோடு அவிழ்த்துக்கொண்டிருந்த புதிர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு பணத்தை நிறுத்தியபோது, ஓய்வு நேரத்தில் அந்தப் புதிர்களைத் தொடும் விருப்பமே குறைந்துபோனது. மாதம் நான்கு படங்கள் என்று நீங்கள் நோட்டில் எழுதும் நாளில் பென்சிலும் கனக்கத் தொடங்கிவிடலாம்.

நம்பிக்கொண்டிருக்கும் சில கணக்குகள்

கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் எண்களோடு பேசுகிறேன். எடையை வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைப்பதே பாதுகாப்பானது என்பது மருத்துவத் துறையின் பொதுவான அறிவுரை. மூன்று மாதம் என்பது ஏறத்தாழ 13 வாரங்கள். எல்லாம் கூடிவந்தாலும் 13 கிலோவைத் தாண்டாது. ஆறு, ஏழு கிலோ குறைந்தாலே நல்ல பலன். 15 கிலோ என்று எழுதிய அன்றே தோல்வியையும் சேர்த்து எழுதிவிட்டீர்கள். உடற்பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. ஐந்து நாள், அரை மணி நேர வேக நடையில் அதன் கீழ் எல்லையைத் தொட்டுவிடலாம். தராசின் முள் உங்கள் கையில் இல்லை, நடை உங்கள் கையில் இருக்கிறது.

அதிகாலை எழும் திட்டம் இன்னும் மோசமான கணக்கு. படுப்பது நள்ளிரவு 12 மணிக்கு என்கிறீர்கள். 4:30க்கு எழுந்தால் தூக்கம் நாலரை மணி நேரம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் கவனமும் தன்னடக்கமும் குறையும், பசி கூடும். அதாவது மூன்றாம் இலக்கு, முதல் இலக்கையும் இரண்டாம் இலக்கையும் தினந்தோறும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. விடியற்காலையில் எழுபவர்கள் எல்லோரும் சாதிப்பதில்லை. சாதிப்பவர்கள் எல்லோரும் விடியற்காலையில் எழுவதும் இல்லை. இந்த இலக்கை முழுவதுமாக அடித்துவிடுங்கள்.

"21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள், நான் 22ஆம் நாளே விட்டுவிட்டேன், என்னிடம்தான் ஏதோ குறை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 21 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960இல், அறுவைக்குப் பிறகு மாறிய முகத்துக்குத் தம் நோயாளிகள் பழகுவதற்குக் குறைந்தது 21 நாட்களாவது ஆகிறது என்று எழுதினார். "குறைந்தது" என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துபோய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக நடக்கத் தொடங்குவதற்கு ஆன காலம் 18 நாள் முதல் 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள். தண்ணீர் குடிப்பதுபோன்ற எளிய பழக்கங்கள் சீக்கிரம் ஒட்டின, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. 22ஆம் நாளில் உங்களுக்குக் கடினமாக இருந்ததென்றால், பெரும்பாலான மனிதர்களைப்போல இருந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இலக்கை எழுதிவைத்த 3 சதவீத மாணவர்கள் பிற்காலத்தில் மற்ற 97 சதவீதத்தினரைவிட அதிகம் சம்பாதித்தார்கள் என்று 1953ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றைக் குறிப்பிட்டு, "நானும் எழுதினேனே" என்று கேட்டிருந்தீர்கள். மேடைகளில் பலமுறை சொல்லப்படும் அந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது. தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படி ஓர் ஆய்வு நடந்த தடயமே கிடைக்கவில்லை. எழுதுவது நல்லதுதான். ஆனால் இலக்குகளைப் பற்றி 1960களிலிருந்து ஆராய்ந்த எட்வின் லாக்கும், பின்னர் அவரோடு இணைந்த கேரி லேதமும் கண்டது வேறு: முடிந்தவரை செய் என்பதைவிடத் தெளிவான, சற்றே கடினமான இலக்கு நல்ல பலன் தரும், ஆனால் அதை மனதார ஏற்றிருக்க வேண்டும், அதற்கான திறன் இருக்க வேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்ற தகவல் அவ்வப்போது கிடைக்க வேண்டும். உங்கள் நோட்டின் புகைப்படங்களைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பச்சை மையில் தலைப்பு, அளவுகோல் வைத்துப் போட்ட ஆறு கட்டங்கள். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு தேதியும் பாதி போட்ட டிக் குறியும். கட்டங்கள் எல்லாமே "செய்தேனா, இல்லையா" என்றுதான் கேட்கின்றன. எவ்வளவு செய்தீர்கள் என்று ஒரு கட்டமும் கேட்கவில்லை. பாதி செய்த நாளுக்கு உங்கள் நோட்டில் இடமே இல்லாததால்தான் டிக் குறி பாதியில் நின்றிருக்கிறது.

வேலையை விடுவது, முகாமில் சேர்வது

வேலையை விடும் யோசனையை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. உங்களிடம் குறைவாக இருப்பது நேரம் என்ற அனுமானத்தில் பிறந்த யோசனை அது. கையிலிருந்த இரண்டேகால் மணி நேரம் அலமாரிக்குப் போன அனுபவத்தைப் பார்த்தால், நாள் முழுவதும் காலியாக இருப்பது பெரிய அலமாரிகளைத்தான் கொண்டுவரும். வருமானம் நின்றுபோவதால் வரும் பதற்றமும், "வேலையையே விட்டாயே, முடித்தாயா" என்ற கேள்வியும் ஆய்வேட்டின் மேல் ஏறி உட்காரும். அந்த முடிவுக்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. உங்கள் பணி விதிகளில் படிப்பு விடுப்போ, ஊதியமில்லா விடுப்போ, தேர்வுக்கால விடுப்போ உண்டா என்று எழுத்துமூலம் கேளுங்கள். இருந்தும் கேட்காமல் விடுபவர்கள் நிறையப் பேர். அதைவிட முக்கியமாக, படிப்பை முடிக்க அதிகபட்ச கால வரம்பு என்ன, மறுபதிவு தேவையா, பழைய தாள்களின் மதிப்பெண் எதுவரை செல்லும் என்று கல்வி நிறுவனத்தில் விசாரித்து, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து பக்கக் கடிதத்தில் அந்தத் தேதி ஓரிடத்திலும் இல்லை. கணக்கு முடிக்கும் தேதி தெரியாமல் ஒரு மாதக் கணக்கையாவது நீங்கள் தொடங்கியதுண்டா?

பயிற்சி முகாம் உங்களுக்கு உதவாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒத்த மனமுடையவர்களைச் சந்திப்பதில் பயன் உண்டு. ஆனால் அங்கே விற்கப்படுவது பெரும்பாலும் அந்த இரண்டு நாள் எழுச்சி, உங்களிடம் ஏற்கெனவே ஒவ்வொரு ஜனவரியிலும் தாராளமாக இருப்பதும் அதுவே. வெற்றி பெற்றுவிட்டதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொல்வார்கள். கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991இல் உடன் ஆய்வாளர் ஒருவரோடு வெளியிட்ட ஆய்வில், எடை குறைப்புத் திட்டத்தில் இருந்த 25 பெண்களை ஓராண்டு கவனித்தார். தன்னால் முடியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது. இளைத்துவிட்ட தன்னை இனிமையாகக் கற்பனை செய்து ரசித்தவர்களுக்குக் குறைவான பலனே கிடைத்தது. எண்ணத்திலேயே உண்டு முடித்த மனம் பசியை மறந்துவிடுகிறது. கட்டணம் கட்டுவதானால் பணத்தைத் திரும்பப் பெறும் நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். இன்றே கட்டினால்தான் சலுகை என்று நெருக்கினாலோ, மருந்தையோ மருத்துவரையோ விட்டுவிடச் சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் இலக்குகளைப் பலர் முன்னிலையில் அறிவிக்கச் சொன்னால் மறுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

ஆய்வேட்டை மாதக் கணக்கைப்போல் நடத்துவது

படிப்பைத் தொடர்வது என்று முடிவெடுத்தால் மற்ற ஐந்தையும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள், நடையைத் தவிர. தேதி தெரிந்ததும் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள், ஆனால் உங்கள் மதிப்பீட்டை நம்பாதீர்கள். கனடாவில் ரோஜர் பியூலர் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள்; முடிந்தது 55 நாளுக்கு மேல். தாங்கள் சொன்ன தேதிக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே நான்கு மாதம் போதும் என்று தோன்றினால் ஏழு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வாரத்தில் மூன்று இரவுகள், 45 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பரவலாக்கிய ஒரு முறை இதற்குக் கைகொடுக்கும்: "எழுதுவேன்" என்று தீர்மானிக்காமல், "இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்" என்று தீர்மானிப்பது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தச் சிறு மாற்றத்தால் இலக்கை எட்டும் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடுவதைக் காட்டினார்கள். உங்களுக்கு இப்படி இருக்கலாம்: மகளின் அறை விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்ததும், கைப்பேசியை அந்த அறையிலேயே விட்டுவிட்டு, மேசையில் உட்கார்ந்து நேற்று நிறுத்திய வாக்கியத்தை முடிப்பேன். எழுத்துருவை மாற்றக் கை போனால், அந்த நேரமே ஒரு தப்பான வாக்கியத்தையாவது தட்டச்சு செய்வேன். ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கும்போது ஒரு வாக்கியத்தை வேண்டுமென்றே பாதியில் நிறுத்திவிட்டு, அடுத்து என்ன எழுத வேண்டும் என்று அதன் கீழே ஒரு வரி குறித்துவையுங்கள். அடுத்த முறை கை எங்கே போக வேண்டும் என்று யோசிக்க வேண்டியிராது.

எதிர் மேசையில் காத்திருக்கும் ஆள் வேண்டும் அல்லவா? நெறியாளருக்கு எழுதுங்கள். நான்கு ஆண்டு இடைவெளிக்கு விளக்கம் சொல்லி ஒரு பக்கம் எழுத வேண்டாம். "மீண்டும் தொடங்கியிருக்கிறேன், மாதத்தின் முதல் தேதியில் எழுதியவரை அனுப்புகிறேன், அனுமதி தாருங்கள்" என்ற மூன்று வரி போதும். கணவரிடம் ஊக்கப்படுத்தும்படி கேட்காதீர்கள், கண்காணிக்கும்படியும் கேட்காதீர்கள். அந்த மூன்று இரவுகளில் மகள் எழுந்து அழைத்தால் நீங்கள் போங்கள் என்று மட்டும் கேளுங்கள். அந்த "நோட்டா?" கேள்வி வலித்தது என்பதையும், கோபம் இல்லாத ஒரு நேரத்தில் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் அதை மறந்தே போயிருப்பார் என்பது என் ஊகம். அக்காவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர் முடித்தவை உங்களுக்குத் தெரியும், பாதியில் விட்டவற்றை அவர் உங்களிடம் காட்டியிருக்க மாட்டார்.

ஒரு நாள் விட்டுப்போகும், நிச்சயமாக விட்டுப்போகும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் வரும், உங்கள் நோட்டுகளை நிறுத்தியதும் அதுதான். லாலியின் ஆய்வில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. 2010இல் வெளியான இன்னொரு ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். மேலே சொன்ன அந்தக் கூச்சத்தை நினைத்துக்கொண்டால் காரணம் விளங்கும்: திட்டு வாங்கிய இடத்துக்குத் திரும்பிப் போக யாருக்கும் கால் வராது, திட்டியவர் நாமே ஆனாலும்.

மருத்துவரைப் பார்ப்பது பற்றி

மனநோயா என்று கேட்டிருந்தீர்கள். கடிதத்தை வைத்து யாரும் அதைத் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. நீங்கள் படம் வரைவதையும் மகளோடு சிரிப்பதையும் எழுதியிருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆயினும் பிடித்தவற்றிலும் விருப்பம் போய்விட்ட நிலையோ, நாளின் பெரும்பகுதி மனம் கனத்திருக்கும் நிலையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். மாலையில் வரும் அளவுக்கு மீறிய அசதியைப் பற்றி இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். இரும்புச் சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையும் தைராய்டு சுரப்புக் குறைவும் இப்படித்தான் வெளிப்படும், எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதை முதலில் செய்துவிடுங்கள். தொடங்கியதை முடிக்க முடியாமை, பொருட்களைத் தொலைப்பது, கவனம் சிதறுவது ஆகியவை பள்ளி நாட்களிலிருந்தே தொடர்ந்து வந்திருந்தால் பெரியவர்களுக்கும் இருக்கக்கூடிய ஏ.டி.எச்.டி என்ற கவனக் குறைபாட்டுக் கோளாறு பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். ஆனால் 108 மாதக் கணக்குகளைத் தாமதமின்றி முடித்தவரிடம் அதை அவசரப்பட்டுச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை.

நோட்டைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். புத்தாண்டு, பிறந்தநாள், வாரத்தின் முதல் நாள் போன்ற தொடக்கங்களில் மனம் புது முயற்சிக்கு எளிதில் இசைகிறது என்பது ஆய்வுகளிலும் கண்ட உண்மைதான். ஆனால் அந்த வசதிக்காக ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை, திங்கட்கிழமை வாராவாரம் வருகிறது. புது நோட்டு வாங்காதீர்கள். இந்த ஆண்டு நோட்டையே எடுத்து, ஒன்பதாம் பக்கத்தைக் கிழிக்காமல், பத்தாம் பக்கத்தில் கட்டம் எதுவும் போடாமல், கல்வி நிறுவனம் சொல்லும் அந்தக் கடைசித் தேதியை எழுதுங்கள். அதன் கீழே ஒவ்வொரு இரவும் எத்தனை நிமிடம் உட்கார்ந்தீர்கள் என்ற எண் மட்டும் வரட்டும். ஏழு நிமிடம் என்றால் ஏழு என்றே எழுதுங்கள்.